நூல் பிடிக்க ஒரு ஆள்

ரெனிதா வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கடுகும் சீரகமும் கிடையாது. ஷட்டில்கள்தான் இருக்கும். ஷட்டில் என்றதும் இறகுப்பந்தை நினைக்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுவது நல்லது. இது டாட்டிங் லேஸ் பின்னுகிற ஷட்டில். விரல் நீளத்தில், இரண்டு முனையும் கூராகக் குவிந்த ஒரு குட்டிப் படகு. அதன் வயிற்றுக்குள் நூல் சுற்றியிருக்கும். இடது கை விரல்களில் நூலை வளையமாகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஷட்டிலை மேலும் கீழும் விட்டெடுத்தால் ஒரு முடிச்சு விழும். முடிச்சுகளை வரிசையாக அடுக்கி நூலை இழுத்தால் வளையம் மூடிக்கொண்டு ஒரு பூவிதழ் கிடைக்கும். மூடிய வளையத்தைத் திரும்பத் திறப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதனால் இந்தக் கைவேலைக்காரர்கள் எதையும் யோசித்துத்தான் ஆரம்பிப்பார்கள். ரெனிதாவும் நன்றாக யோசிக்கிறவள்தான். யோசித்துத்தான் அந்தத் தப்பையும் செய்தாள்.

பெட்டியில் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு வேலை. மாதா கோவில் பீடத் துணிக்குக் கரை பின்ன தடித்த பருத்தி நூல் வேண்டும், அதற்கு உள்ளங்கை அகலத்துக்குப் பெரிய ஷட்டில். கைக்குட்டை ஓரத்துக்கு, முனையில் கொக்கி வைத்த நடுத்தர ஷட்டில். இதழோடு இதழைக் கோக்க அந்தக் கொக்கி உதவும். மணி கோத்துப் பின்னுவதற்கு, தையல் மிஷின் பாபின் போல உருளை வைத்தது. புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குகிற பிள்ளைகளின் வலைமுக்காட்டுக்கு மயிரிழை நூல், அதற்கு எல்லாவற்றிலும் சின்னதான எலும்பு ஷட்டில். அதில் நாலு பூவுக்கு மேல் நூல் பிடிக்காது. எந்த வேலைக்கு எந்த ஷட்டில் என்று அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். எழுப்பிக் கேட்கத்தான் அந்த வீட்டில் ஆள் இல்லை.

பட்டாபிராமில் ஸ்டேஷனை ஒட்டிய குடியிருப்பில் இரண்டாவது மாடி. அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, ரிடையர் ஆன பணத்தில் வாங்கிய வீடு. அம்மா முதலில் போனாள், பிறகு அப்பா. தம்பி பெனிட்டோ மெல்போர்னில் இருக்கிறான். ரெனிதாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களும் ஒரு வயதுக்கு மேல் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அது நிம்மதி என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. போனை எடுத்தால் "சொல்லு, என்ன விஷயம்?" என்றுதான் கேட்பார்கள். ஒரு போன் போட்டால் காசு ஏறிய காலத்தில் அப்பா பழக்கியது அது. காசு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. பெனிட்டோ இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரமாகப் பார்த்துக் கூப்பிடுவான். அவளும் "சொல்லுடா, என்ன விஷயம்?" என்பாள். விஷயம் இருந்தால் பேசுவார்கள். இல்லாவிட்டால் உடம்பைப் பார்த்துக்கொள் என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள்.

எதிர் வீட்டுக்குக் கிருஷ்ணப்பிரியா குடிவந்தது மழைக்கு முன்னால். ராஜபாளையத்துப் பெண், அம்பத்தூர் எஸ்டேட்டில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. புருஷன் ஸ்ரீநாத்தைக் கம்பெனி புனேவுக்கு அனுப்பியிருந்தது; மாதத்துக்கு ஒருமுறை வந்து துவைக்காத துணியோடு இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவான். அவள் மாசமாக இருந்தாள். அலைய வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வீட்டிலிருந்தே வேலை. அந்தக் குடியிருப்பில் எல்லாருக்கும் ரெனிதா 'ஆன்ட்டி'. இந்தப் பெண் வந்த அன்றே "அக்கா, தண்ணி லாரி எப்ப வரும்?" என்று கேட்டாள். அந்த ஒரு 'அக்கா'வில் ரெனிதா கவிழ்ந்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒருநாள் ரெனிதாவின் கையிலிருந்த கைக்குட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தாள் கிருஷ்ணப்பிரியா.

"இந்தக் கரையை எந்தக் கடையில வாங்குனீங்க?"

"கடையா? நான் பின்னுனது மா."

"நெசமாவா! என் வளைகாப்புச் சேலைக்கு ஜாக்கெட் தைக்கக் குடுக்கணும்க்கா. கை ரெண்டுக்கும் இதே மாதிரி வெச்சுத் தர்றீங்களா?"

பாட்டில் பச்சைப் பட்டு, மாம்பழ மஞ்சள் கரை. அந்த மஞ்சளுக்கு நூல் தேடி ரெனிதா ரயிலேறி பாரீஸ் கார்னர் வரை போனாள். பட்டு நூல், கண்டாக வராமல் சிட்டமாகத்தான் கிடைத்தது. சிட்டம் என்றால் பெரிய வளையமாகச் சுற்றி முறுக்கிய நூல்கட்டு. அதைப் பிரித்து ஒருவர் இரண்டு கையிலும் மாட்டிப் பிடித்துக்கொண்டால்தான் இன்னொருவர் சிக்கில்லாமல் சுற்ற முடியும். ஆள் இல்லாதவர்கள் நாற்காலி முதுகில் மாட்டிவிட்டுச் சுற்றுவார்கள். ரெனிதா வருஷக்கணக்காக அப்படித்தான் சுற்றுகிறாள்.

அன்றைக்கு கிருஷ்ணப்பிரியா தற்செயலாக அங்கே உட்கார்ந்திருந்தாள். "இங்க குடுங்கக்கா" என்று தானாகவே கையை நீட்டினாள். வேலைக்குச் சரியான பெரிய ஷட்டிலைத்தான் ரெனிதா எடுத்திருந்தாள். பீடத் துணியானாலும் பட்டானாலும் ஒரே மாதிரி பூ நீளமாக ஓடுகிற கரைக்கு அதுதான் தோது. ஒரு தடவை நிறைத்தால் ஒரு கை முழுக்க ஓடிவிடும், நடுவில் நூல் ஒட்டுப்போட வேண்டியதில்லை. ரெனிதா சுற்ற, கிருஷ்ணப்பிரியா கையை இப்படியும் அப்படியும் அசைத்து நூலை விட்டுக்கொண்டே பேசினாள். கை கட்டுண்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும் போலிருக்கிறது. ஆபீஸில் மேலதிகாரி மீட்டிங்கில் கொட்டாவி விடுகிற விதம், ஊரில் அம்மா வளர்க்கிற நாய், உள்ளே பிள்ளை உதைப்பது மீன் திரும்புகிற மாதிரி இருப்பது, எல்லாம் வந்தது. ரெனிதா சிரித்தாள். அந்த வீட்டுச் சுவர்கள் அவள் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்றோ!

ஷட்டில் நிறைந்தது. கிருஷ்ணப்பிரியா எழுந்துகொண்டாள்.

"அவ்ளோதானாக்கா?"

"அவ்ளோதான் மா."

கதவு சாத்திக்கொண்டது. அப்புறம் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

மறுநாள் காலையில் ரெனிதா ஒரு காரியம் செய்தாள். பெரிய ஷட்டிலில் சுற்றியதையெல்லாம் திரும்பப் பிரித்துச் சிட்டத்தோடு சேர்த்தாள். அந்த ஷட்டிலை மெழுகுவர்த்தி வைக்கிற டிராயரில் போட்டு மூடினாள். அஞ்சறைப் பெட்டியிலிருந்து முக்காட்டுக்கான சின்ன எலும்பு ஷட்டிலை எடுத்து, அதில் பிடித்த மட்டும் நூலைச் சுற்றி வேலையை ஆரம்பித்தாள். நாலு பூவில் நூல் தீர்ந்தது. எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நூல் சுத்தணும் மா. ஒரு கை குடுக்கிறியா?"

இப்படித்தான் ஆரம்பித்தது. சின்ன ஷட்டில் சாயங்காலத்துக்குச் சாயங்காலம் காலியாகும். கிருஷ்ணப்பிரியா லேப்டாப்பை மூடிவிட்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுவாள். "மொத்தத்தையும் ஒரே உருண்டையா சுத்தி வெச்சிக்கிட்டா என்னக்கா?" என்று ஒருமுறை கேட்டாள். பட்டு நூலின் முறுக்கு கெட்டுவிடும் என்றாள் ரெனிதா. அதில் பாதி உண்மை இருந்தது. மீதிப் பாதியை நினைத்து அடுத்த ஞாயிறு, சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டி வரை போனாள். அங்கே கூட்டம் இருந்ததைக் காரணமாக வைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

மாடிப்படி கூட்டுகிற கெங்கம்மாளுக்குக் கண் கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை.

"இன்னாம்மா இது, வாயும் வயிறுமா கீற பொண்ண தெனம் கைய நீட்டிகினு குந்த வெச்சிருக்க? சேர்ல மாட்டிகினா ஆவாதா?"

"உன் வேலையைப் பாரு கெங்கம்மா."

"நான் பார்த்துகினுதான் கீறேன்" என்று துடைப்பத்தைத் தட்டிவிட்டுப் போனாள் அவள். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். "எங்க ஊட்ல ஒம்போதாம் மாசந்தான் வளைகாப்பு. அதுக்கப்புறம் தாய் ஊட்டுக்குப் போய்டும். அப்போ இன்னா பண்ணுவே?"

ரெனிதா அந்த ஒன்பதைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பதாம் மாதம் என்றால் டிசம்பர், கிறிஸ்துமஸ் சமயம். அதுவரை சின்ன ஷட்டில் தாராளமாகத் தாங்கும். கிருஷ்ணப்பிரியாவிடம் தேதியைக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டால் அது போகிற தேதியும் ஆகிவிடும் என்று பயந்து கேட்கவில்லை. கிருஷ்ணப்பிரியாவும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று அவள் நினைத்திருக்கலாம். டிசம்பர் என்றால் ரெனிதாவுக்கு நட்சத்திரமும் குடிலும். அதே டிசம்பர் பாதியில் இன்னொரு வீட்டில் மார்கழி பிறக்கும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். ஜாக்கெட்டின் முதல் கைக்குக் கரை முடிந்து, இரண்டாவது கைக்கு விரல்கடை நீளம்தான் ஆகியிருந்தது. சிட்டத்தை மாட்டிக்கொண்டு கிருஷ்ணப்பிரியா சொன்னாள்.

"வர்ற வெள்ளிக்கிழமைக்கு ஜாக்கெட் ரெடியாயிருமாக்கா? டெய்லர் கேக்காரு."

"எந்த வெள்ளிக்கிழமை?"

"வர்ற வெள்ளிதான். வளைகாப்பு இங்க வெச்சு அன்னைக்கே ராத்திரி ரயிலுக்கு அம்மா கூட்டிட்டுப் போறாங்க."

"ஒம்போதாம் மாசம்னு நெனச்சேனே."

"ஒன்பது மார்கழியில வருதுல்லக்கா, அதுல எப்படி வைப்பாங்க? அதான் ஏழுலயே முடிச்சிருவோம்னு சொல்லிட்டாங்க." அவள் ரெனிதாவின் முகத்தைப் பார்த்தாள். "ஏன்க்கா, முடியாதா?"

பதில் சொல்வதற்குள் கரண்ட் போயிற்று. "மெழுகுவத்தி டிராயர்ல இருக்கு மா" என்று ரெனிதாவின் வாய் அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் டிராயரில் வேறென்ன இருக்கிறது என்ற நினைவு வந்தது. கிருஷ்ணப்பிரியா அதற்குள் சிட்டத்தை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, போன் வெளிச்சத்தில் டிராயரை இழுத்திருந்தாள்.

மெழுகுவர்த்தியை ஏற்றினாள். இன்னொரு கையில் பெரிய ஷட்டில் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேஜைமேல் இருந்த சின்னதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நாற்காலி முதுகில் சிட்டம் ஒரு சிக்கும் இல்லாமல் அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தாள். கம்ப்யூட்டரில் பிழை கண்டுபிடிக்கிறது அவளுக்குச் சம்பள வேலை. இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"இதுல சுத்தியிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்லக்கா?"

ரெனிதா தலையை ஆட்டினாள்.

"சேர்லயே மாட்டிக்கலாம்."

"ம்."

"கால் வீங்கிப்போய் உக்காந்திருந்தேன். உங்களுக்கு ஆளில்லையேன்னு உக்காந்திருந்தேன்." பெரிய ஷட்டிலை மேஜைமேல் வைத்தாள். "எதுக்குக்கா?"

நாலைந்து பொய்கள் வாய் வரை வந்தன. ரெனிதா விழுங்கினாள். "நீ வரணும்னுதான்."

"வான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டா வந்திருக்க மாட்டேனா?"

"சும்மா எப்படிமா கூப்பிடறது?"

ரெனிதா தன்னை நியாயப்படுத்தக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். கிருஷ்ணப்பிரியா மெழுகுவர்த்தியை ஒரு தட்டில் ஒட்டவைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி தன் வீட்டுக்குப் போனாள். வழக்கமாகக் குடிக்கிற தேநீரைக்கூட அன்றைக்குக் குடிக்கவில்லை.

அடுத்த நாட்களில் ரெனிதா கதவைத் தட்டவில்லை. சிட்டத்தை நாற்காலியில் மாட்டிப் பெரிய ஷட்டிலை நிறைத்து, சோறு தண்ணீர் பார்க்காமல் பின்னினாள். சின்னதில் பழகிவிட்ட கைக்கு, பெரியது நுழைய இடது கை வளையத்தைத் தளர்த்திப் பிடிக்க வேண்டியிருந்தது. இதழ் ஒவ்வொன்றும் ஒரு நூலளவு பெரிதாக விழுந்தது. மூடிய வளையத்தைத் திறக்க முடியாது, திறக்க நேரமும் இல்லை. இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று மொட்டு, இன்னொன்று மலர்ந்த பூ. அந்த வித்தியாசத்தோடுதான் லேஸைக் கெங்கம்மாளிடம் கொடுத்தனுப்பினாள். எதிர் வீட்டுக் கதவுக்கு நாலு அடிதான். அந்த நாலு அடியை வைக்கத்தான் அவளால் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை எதிர் வீட்டில் கூட்டம். ரெனிதா போய்ச் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றாள். கிருஷ்ணப்பிரியா அந்த ஜாக்கெட்டைத்தான் போட்டிருந்தாள். கன்னத்தில் சந்தனம், இரண்டு கையிலும் லேஸுக்குக் கீழே கண்ணாடி வளையல்கள் ஏறிக்கொண்டிருந்தன. சுமங்கலிகள் வரிசையாக வந்து போட்டார்கள். அந்த வரிசையில் தனக்கு இடமில்லை என்று ரெனிதாவுக்கு யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே தெரிகிற விஷயம் அது. கலந்த சாதப் பொட்டலத்தையும் வளையல் பையையும் யாரோ கையில் திணித்தார்கள். லேஸ் ரொம்ப அழகு என்று ஒரு பெரியம்மா சொன்னாள். இரண்டு கைக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கூடத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி தலை குனிந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது, லிஃப்ட் கதவு மூடுவதற்குள், "போன் பண்ணுங்கக்கா" என்றாள் கிருஷ்ணப்பிரியா. ஊருக்குப் போகிற எல்லாரும் சொல்கிறதுதான்.

அதற்கப்புறம் எதிர் வீட்டுப் பூட்டின்மேல் தூசி படிந்தது. "ஊடு வெறிச்சோன்னு கீதும்மா" என்றாள் கெங்கம்மாள். இந்தத் தடவை அவள் கேலி செய்யவில்லை. அதுதான் ரெனிதாவுக்குத் தாங்கவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கைக்குட்டை ஆர்டர் வந்தது. கொக்கி வைத்த ஷட்டிலை எடுத்தாள், நாற்காலியிடம் நூலைக் கொடுத்தாள், பின்னினாள். நாற்காலி எதுவும் பேசவில்லை. சில நாள் கைவேலைக்கு நடுவில் போனை எடுத்து அந்தப் பெயர் வரைக்கும் போவாள். 'சொல்லுங்கக்கா, என்ன விஷயம்?' என்று கேட்டால் என்ன சொல்வது? விஷயம் ஒன்றைத் தயார் செய்வாள். உனக்கு ஒரு கொரியர் வந்தது. மோட்டார் ரிப்பேர். ஒவ்வொன்றும் அந்தச் சின்ன ஷட்டிலைப் போலத் தோன்றும். போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

பெனிட்டோ கூப்பிட்ட ஒரு ஞாயிறு. "சொல்லுக்கா, என்ன விஷயம்?" என்றான். கூப்பிட்டது அவன். கேட்டதும் அவனே. ரெனிதாவுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்தாள். வைத்த கையோடு, இன்னும் யோசித்தால் நடக்காது என்று தெரிந்து, கிருஷ்ணப்பிரியாவின் பெயரை அழுத்திவிட்டாள்.

மணி அடித்தது. எடுத்தது வேறு குரல், வயதான குரல்.

"யாரு?"

"பட்டாபிராம்லேந்து பேசறேங்க. எதிர் வீடு. ரெனிதா."

"ஆங், நான் ப்ரியாவோட அம்மா. அவ இப்பத்தான் கண்ணசந்தா. சொல்லுங்க, என்ன விஷயம்?"

இங்கேயும் அதே கேள்வி. கொரியர், மோட்டார் எல்லாம் வரிசை கட்டி நின்றன. ரெனிதா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விஷயம் ஒண்ணும் இல்லீங்க" என்றாள். "சும்மாதான் கூப்ட்டேன்."

வேலையற்றவள் என்று நினைக்கிறார்கள், வைத்துவிடலாம் என்று விரல் போனது.

"இருங்க, எழுப்புறேன்."

"ஐயோ, வேணாங்க! மாசமா இருக்கிற பொண்ணு, தூங்கட்டும்."

"அதெல்லாம் இல்ல. போனை என் கையில குடுத்துட்டுத்தான் தெனமும் படுக்கிறா. எதிர் வீட்டக்கா கூப்பிடுவாங்க, விஷயம்னு ஏதாச்சும் சொன்னா அப்புறம் பேசுறேன்னு சொல்லிரு, சும்மான்னு சொன்னா தூங்கினாலும் எழுப்பிருன்னு வந்த அன்னைக்கே சொல்லி வெச்சிருக்கா. என்ன கணக்கோ, எனக்கு வெளங்கல. வெச்சுராதீங்க."

போனை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது. ஒரு நாய் குரைத்தது. கிருஷ்ணப்பிரியா சொன்ன நாயாகத்தான் இருக்க வேண்டும். உள்ளே யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிறகு நிறைய கண்ணாடி வளையல்கள் ஒன்றாகக் குலுங்குகிற சத்தம், கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்தது. என்ன பேசப்போகிறோம் என்று ரெனிதாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. போனை மட்டும் அவள் வைக்கவில்லை.